ஆறு பேரும் சொன்ன ஒரே பதில்

அம்மா நடத்திய வகுப்பில் என்னைத் தவிர யாரும் வாய் திறந்ததில்லை. இத்தனைக்கும் நான் அந்த வகுப்பின் மாணவி அல்ல. சனிக்கிழமை மதியங்களில் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் உடன் அழைத்துப் போனார்.

பண்டார் தெங்காரா டவுனைத் தாண்டி, இரு பக்கமும் செம்பனை மட்டுமே தெரிகிற சாலையில் கொஞ்ச தூரம் போனால் அந்த ஆலை வரும். பழக்குலைகளை அவித்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கிற ஆலை. அம்மா அங்கே ஸ்டோர் கிராணி; சாமான் கணக்கு எழுதுகிற வேலை. அப்பா ஆலையின் எண்ணெய் லாரியை ஓட்டினார். அம்மாவின் தம்பியான என் மாமா ஃபிட்டர். எங்கள் வீட்டுச் சோறு முழுவதும் ஒரே புகைபோக்கியின் கீழ் வெந்தது என்று சொல்லலாம்.

ஆலைக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு, ஒன்று இருந்தது. தோட்டம் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். ஆனாலும் தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த வேலை, மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதுதான். அதுவும் குத்தகைக்காரர் லாரி அனுப்பினால் உண்டு, அனுப்பாவிட்டால் இல்லை. ஆலைக்குள் நிரந்தர வேலைக்கு அவர்களில் ஒருவரும் இல்லை.

புதிதாக வந்த மேனேஜர் இதை மாற்ற நினைத்தார். அந்தக் கம்பத்திலிருந்து ஆறு பேரை ஆலைக்குள் சோதனை வேலைக்கு எடுத்தார். ஒரு சிக்கல் இருந்தது. ஆலைக்குள் எல்லாம் எழுத்தில் இருக்கும். எந்த வால்வைத் திறக்கக் கூடாது, எந்த சுவிட்சில் யார் கை வைக்கலாம், எங்கே நீராவி சீறும் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் நடந்தால் விரல் போகும். சில சமயம் கையே போகும். ஆகவே, வேலைக்கு வேண்டிய மலாய்ச் சொற்களை மட்டுமாவது அவர்கள் படிக்கப் பழக வேண்டும். அந்த அட்டைகளெல்லாம் ஸ்டோரில் இருந்ததால், கற்றுக்கொடுக்கிற பொறுப்பு ஸ்டோர் கிராணியின் தலையில் விழுந்தது. கடைசியில் மேனேஜரே சோதனை வைப்பார். தேறினால் ஆலையில் நிரந்தர வேலை, ஊழியர் சேமநிதி, கிளினிக், சம்பளத்தோடு விடுப்பு. தேறாவிட்டால் மறுபடி மரத்தடி.

வகுப்பு கேண்டீனில் நடந்தது. ஆறு பேரில் மூத்தவரை எல்லாரும் தோக் என்று அழைத்தார்கள்; மலாயில் தாத்தா என்று பொருள். நரைத்த தலை, ஒடுங்கிய உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. மற்ற ஐந்து பேரும் ஏதோ ஒரு வகையில் அவர் வீட்டு ஆட்கள். தீமா அவருடைய மருமகள். லான் அவருடைய தம்பி மகன். நான் தீமாவைக் காக் தீமா என்றுதான் கூப்பிடுவேன். மலாயில் அக்காவைக் காக் என்பார்கள்.

அம்மா ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன? யாருக்குத் தெரியும்?" என்று மலாயில் கேட்பார். ஆறு பேரும் அமைதியாக இருப்பார்கள். ஐந்து பேருடைய கண்களும் ஒரே பக்கமாகப் போகும். அந்தப் பக்கம் தோக் இருந்தார்; அவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரமும் இருந்தது. அவர்கள் எப்போது வகுப்பு முடியும் என்று மணி பார்ப்பதாக அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியாது. பின் மேசையிலிருந்து பதிலைக் கத்திவிடுவேன். நான்காம் வகுப்பில் மலாய்ப் பாடத்தில் நான்தான் முதல்.

"நீ வாய மூடு," என்பார் அம்மா. "உனக்கா வேலை கொடுக்கப் போறாங்க?"

வீட்டுக்கு வந்தால் மாமா காத்திருப்பார். கடைவீதியில் வாங்கிய வறுத்த வாழைப்பழத்தை மென்றபடி, "என்னக்கா, உன் பள்ளிக்கூடத்துல இன்னிக்கும் மௌன விரதமா?" என்பார்.

"போடா. அவங்களுக்கு வெக்கம்."

"வெக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்டையில ஏறல. நீ சொல்லிக் குடுக்கறதுக்குப் பதிலா கலர் அடிச்சு விட்டுடு லா. செவப்புன்னா தொடாதே, பச்சைன்னா தொடு. நாய்க்குட்டிகூட பழகிடும்."

"நீ எப்படிப் பழகினே, அந்த மாதிரியா?" என்று கேட்டுவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விடுவார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் கவலை இருந்தது. சோதனை நெருங்க நெருங்க, இரவுச் சாப்பாட்டின்போது தானாகவே பேச ஆரம்பித்தார். சொல்லிக் கொடுப்பது தனக்குத்தான் வரவில்லையோ என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "வரும் வரும்," என்றார். எதைக் கேட்டாலும் அப்பா அப்படித்தான் சொல்வார்.

சோதனை நாளன்று கேண்டீன் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேல் துணி விரித்திருந்தார்கள். மேனேஜர் யாழ்ப்பாண வம்சாவளி. குவாலா லம்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் அம்மாவிடம் பேசும்போது அவர் தாத்தா ஊர்த் தமிழ் வெளியே வந்துவிடும். "தொடங்குவமா பிள்ளை?" என்றார்.

அம்மா தோக்கை முதலில் அழைத்து உட்காரவைத்தார். வயதில் மூத்தவரை முதலில் அழைப்பதுதான் எங்கள் வழக்கம். கல்யாணப் பந்தியானாலும், பிரேதம் எடுக்கிற வீடானாலும் அப்படித்தான். மற்ற ஐந்து பேர் அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். எல்லாருக்கும் அதே அட்டைதான் என்றார். ஆலையில் அதைவிட முக்கியமான சொல் வேறு இல்லை என்பது அவர் கணக்கு. அட்டையில் பெரிய எழுத்தில் 'கெசெமாசான்' என்று இருந்தது. அவசரம் என்று பொருள். ஒவ்வோர் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயும் அந்தச் சொல் இருக்கும்.

தோக் அட்டையை வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் கிட்டத்தில் பிடித்து, "ரெஹாட்," என்றார்.

ரெஹாட் என்றால் ஓய்வு. மேனேஜர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. தாளில் ஒரு குறி போட்டுவிட்டு அட்டையை அடுத்து இருந்த தீமாவிடம் கொடுத்தார்.

தீமா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ரெஹாட்," என்றார். லான் அட்டையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ரெஹாட்." அடுத்தவர் ரெஹாட். அதற்கடுத்தவரும் ரெஹாட். கடைசியில் இருந்த பெண், அட்டை கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் சரியான பதில் வந்துவிட்டது. அதற்குள் அம்மாவின் கை என் தோளில் இறங்கி அழுத்தியது.

அந்த அழுத்தம் எனக்குப் புதிதல்ல. அதற்கு முந்தைய தீபாவளிக்குத் துணி எடுக்க, பெரியப்பா குடும்பத்தோடு வேனில் தங்காக் போனோம். அப்பா ஓட்டினார், பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். யோங் பெங் வந்ததும், "இப்படிப் போனா குறுக்கு," என்று சொல்லி அப்பா நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினார். தங்காக் நேராக என்று பலகையில் எழுதியிருந்தது. நான் அதை உரக்கப் படிக்க ஆரம்பித்ததும் தொடையில் கிள்ளு விழுந்தது. அம்மாவுக்கும் அந்தப் பலகை தெரிந்திருக்கும், வழியும் தெரியும். தோட்டங்களுக்குள் சுற்றிச் சுற்றி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கடைகளில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "நல்லவேளை, வெயில் தாழ வந்தோம், கூட்டமில்ல," என்றார் அம்மா பெரியம்மாவிடம்.

மேனேஜர் பேனாவை மூடினார். "என்ன பிள்ளை இது? ஆறு பேரும் பிழையாச் சொல்லினமே. இவையளை எப்பிடி மெசினுக்குப் பக்கத்தில விடுறது? ஆருக்கும் கை போனால் நான் என்ன மறுமொழி சொல்ல?" குரலில் கோபம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து பழையபடி குத்தகைக்காரரிடமே போகட்டும் என்றார். அம்மா அதை மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். ஆறு பேரும் தலையாட்டினார்கள். தீமா மட்டும் ஆலையில் கொடுத்திருந்த தலைக்கவசத்தைத் துணியால் துடைத்து, வந்ததைவிடச் சுத்தமாக மேசையில் வைத்தார்.

மாமா இதற்குள் தன் பங்குக்கு ஒரு வேலை செய்து வைத்திருந்தார். கேண்டீன் மூலையில் இரண்டு குழாய் வைத்த ஜாடிகளில் ரோஸ் சிரப் கரைத்து ஊற்றியிருந்தார். இரண்டும் ஒரே சிவப்பு. ஒன்றில் சீனிக்குப் பதில் உப்பு. ஏமாற்றியதாக யாரும் சொல்லக் கூடாது என்று, ஒரு ஜாடியில் 'மானிஸ்' என்றும் மற்றதில் 'மாசின்' என்றும் மலாயில் தாள் ஒட்டியிருந்தார். இனிப்பு, உப்பு. எழுதிக் காட்டினால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் குடிக்கட்டும், அக்காவின் மூஞ்சியைப் பார்க்கலாம் என்பது திட்டம்.

முதலில் போனவள் நான். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் படிப்பதில்லை. சிவப்பைப் பார்த்தேன், ஊற்றினேன், குடித்தேன், கழுவுதொட்டியில் துப்பினேன்.

"அலமாக்," என்றார் மாமா. "நம்ம வீட்டு எலியே மாட்டிக்கிச்சே."

"மாமா, உப்பு."

"உப்புன்னு தெளிவா எழுதித்தானடி வச்சிருக்கேன். நாலாங்கிளாஸ்ல உனக்கு என்னதான் சொல்லித் தராங்க?"

லான் கை கழுவிவிட்டுத் தனியாக வந்தான். இரண்டு தாளையும் பார்த்தான். இனிப்பை ஊற்றிக் குடித்துவிட்டுப் போனான். பிறகு கடைசி நாற்காலியில் இருந்த பெண் வந்தார். அவரும் பார்த்தார், இனிப்பைத்தான் எடுத்தார். மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்ததை நான் வாயைக் கொப்பளித்தபடியே பார்த்தேன். அடுத்து தோக் வந்தார். அவர் கை நேரே உப்பு ஜாடியின் குழாய்க்குப் போனது. பின்னாலேயே தீமா வந்தார். மற்ற ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் நிரப்பி அவர் கையில் கொடுத்தார். உப்பு ஜாடியை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், குழாய் யாருக்கும் எட்டாதபடி.

அம்மா இதையெல்லாம் கழுவுதொட்டிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோக் நகர்ந்ததும் தீமாவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"கார்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

தீமா முதலில் தோக்கின் முதுகைப் பார்த்தார். பிறகு, "கெசெமாசான்," என்றார் மெல்ல.

"அப்புறம் ஏன் ரெஹாட்ன்னு சொன்னே?"

"மாமனார் சொல்லிட்டாரே காக். மேனேஜர் முன்னால. அதுக்கு மேல நான் எப்படி வேற சொல்றது?"

அம்மா அடுத்து ஏதாவது கேட்பார், திட்டவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், யாரோ தன் சொந்த ஊரின் பெயரைச் சொன்னதுபோல. பிறகு என்னை இழுத்துக்கொண்டு மேனேஜரின் காரை நோக்கி நடந்தார். நடந்தார் என்று சொல்ல முடியாது; செருப்படியில் சரளைக்கல் தெறித்தது.

மேனேஜர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், ஆறு பேருக்கும் படிக்கத் தெரியலன்னா ஆறு விதமான தப்பு வரணும் இல்லையா?" என்றார் அம்மா. "ஒருத்தர் அபாயம்ன்னு சொல்லியிருப்பாரு, ஒருத்தர் வெளியேன்னு சொல்லியிருப்பாரு. எப்படி சார் ஆறு பேருக்கும் ஒரே தப்பு வரும்?"

"பார்த்து அடிச்சிருப்பினம்."

"அது பார்த்து அடிச்சது இல்ல சார். வீட்டுப் பெரியவர் சொன்னத மருமக நாலு பேர் முன்னால தப்புன்னு சொல்வாளா? உங்க வீட்டுல சொல்வாங்களா?"

அப்போது, அதுவரை மேனேஜர் கண்ணில் படாமல் வேலை பார்ப்பதையே கொள்கையாக வைத்திருந்த மாமா, இரண்டு கையிலும் இரண்டு ஜாடியோடு வந்து சேர்ந்தார். "சார், நான் ஒரு வெளையாட்டு வெளையாடினேன்," என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் இரண்டு தாளையும் படித்தார். பிறகு உப்பு ஜாடியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்தார்.

"மெய்தான்," என்றார். "சரியான உப்பு."

காரைப் பூட்டினார். இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு துண்டுத் தாள் எழுதிக் கொடுப்பதாகவும், ஒவ்வொருவராக ஸ்டோருக்குள் போய், தாளில் இருப்பதை எடுத்து வந்தால் போதும் என்றும் சொன்னார். "ஆனால் பிள்ளை, அந்தப் பெரியவர் பக்கத்தில இருந்தால் திரும்பவும் இதுதானே நடக்கும்? அவரைக் கொஞ்சம் வெளியில நிக்கச் சொல்லும்."

அம்மாவால் அதைச் சொல்ல முடியவில்லை. கேண்டீனுக்குத் திரும்பி வந்து, தோக்கின் எதிரே போய் நின்று, மறுபடி சோதனை உண்டு என்பதை மட்டும் சொன்னார். அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார், மூடினார். தோக் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தட்டி, "நான் போய் ஒரு ரோக்கோக் பிடிச்சுட்டு வரேன்," என்றார். ரோக்கோக் என்றால் சிகரெட். ஆலைக்குள் பிடிக்கக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடிக்குப் போனார்.

எனக்கு அவர் சங்கதி புரிந்துவிட்டது. எங்கள் வகுப்பிலும் சோதனையன்று வயிற்றுவலி வருகிறவர்கள் உண்டு. நான் பின்னாலேயே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தோக், பயமா?"

"பயம்தான்."

"ரொம்பவா?"

"ரொம்ப," என்று சொல்லிச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

அங்கிருந்து பார்த்தால் ஸ்டோர் வாசல் தெரியும். முதலில் தீமா உள்ளே போனார். தோக் கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தார். தீமா வெளியே வந்ததும், "கையில என்ன?" என்று கேட்டார். அவருக்குத் தூரப் பார்வை தெளிவில்லை போலிருக்கிறது.

"கையுறை. மஞ்சள் கையுறை."

"மேனேஜர் என்ன செய்றார்?"

"தலையாட்டறாரு."

அடுத்தடுத்து ஆட்கள் போனார்கள், வந்தார்கள். நான் பந்து விளையாட்டை வானொலியில் சொல்கிறவர்போலச் சொல்லிக்கொண்டே இருந்தேன். லான் மட்டும் தலைக்கவசம் எடுக்க வேண்டிய இடத்தில் பூட்ஸோடு வந்தான். மேனேஜர் தலையை இடவலமாக அசைத்தார். ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்ததை அத்தனை தூரத்திலிருந்தே என்னால் பார்க்க முடிந்தது. அது லானின் சொந்தத் தப்பு. வேறு யாருடைய தப்பையும் அவன் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு மாதம் வகுப்பு, பிறகு மறுபடி பார்க்கலாம் என்றாயிற்று. மற்ற நாலு பேரும் தேறிவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "தோக், ரோக்கோக் எங்க?"

"எந்த ரோக்கோக்?"

"பிடிக்கப் போறேன்னு சொன்னீங்களே."

"நான் ரோக்கோக் பிடிக்கிறதில்லையே," என்றார் தோக். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, எழுந்து கேட்டை நோக்கி நடந்தார்.

அவருக்கு ஆலையின் நாற்றங்காலில் வேலை கொடுத்தார்கள். அங்கே எழுத்தும் இல்லை, இயந்திரமும் இல்லை, செம்பனைக் கன்றுகள்தான். கடைசிவரை அங்கேதான் இருந்தார். தீமா எடை மேடைக்கு வந்து, பிறகு ஷிப்ட் சூபர்வைசர் ஆனார். அம்மா ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமை வகுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவர் வகுப்பில் ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியாதபடி தனித்தனியாகத்தான் பதில் சொல்கிறார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் வருவதில்லை. பின்னாளில் என் வேலைக்காக, கிராமப்புறப் பூர்வகுடிகளின் எழுத்தறிவு பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சோதனை நடந்த அன்று இரவு, வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவுக்கு மாமா கதை முழுவதையும் நடித்துக் காட்டினார். என்னிடமும் ஒரு செய்தி இருந்தது. எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். "தோக் பயந்துட்டு ஓடிட்டாரும்மா. ரோக்கோக் பிடிக்கப் போறேன்னாரு இல்ல, அதெல்லாம் பொய். அவருக்கு ரோக்கோக்கே கெடையாது. அவரே சொன்னாரு."

அம்மா அப்பாவின் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி பாதியில் நின்றது. "அவரேவா சொன்னாரு?"

"ஆமா. ரொம்பப் பயம்ன்னும் சொன்னாரு."

அம்மா மீதிக் குழம்பையும் ஊற்றிவிட்டுக் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "இத வேற யார்கிட்டயும் சொல்லாதே," என்றார் பிறகு. "லான்கிட்ட, காக் தீமாகிட்ட, யார்கிட்டயும்."

பாவம், கிழவரின் பயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அம்மா நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன். அந்த ரகசியத்தைப் பல வருடம் அப்படியே காப்பாற்றினேன்.